பிரிண்டர் வாங்கப் போன கதை

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை. விற்பனையில் இருந்த தம்பி ஒரு பிரிண்டரை ஓடவிட்டுக் காட்டி, அதிலிருந்து வந்த தாளை என் கையில் கொடுத்தார். ஒரு மூலையில் கிளியின் படம், கீழே பத்து வரி எழுத்து. "குவாலிட்டி பாருங்க சார்" என்றார். நான் ஐந்து நிமிடம் காயட்டும் என்று காத்திருந்தேன். பிறகு பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்து, அந்த எழுத்தின் மேல் ஒரு தேய்ப்பு தேய்த்தேன். கறுப்பு எழுத்து கரைந்து, சாம்பலும் ஊதாவுமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

"என்ன சார் பண்றீங்க?" என்று பதறிப் போனார் தம்பி.

"இது எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கு தம்பி. அதான் இப்பவே பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்குச் சொல்ல நேரமில்லாத கதையை உங்களுக்குச் சொல்கிறேன். பிரிண்டர் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு இதில் உபயோகமான விஷயமும் கொஞ்சம் இருக்கும்.

எங்கள் அப்பாவுக்கு நல்ல படம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். 1966ல் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கேபினட் சைஸ், கறுப்பு வெள்ளை, கெட்டி அட்டையில் ஒட்டியது. சட்டைப் பையில் பேனா, நெற்றியில் கீற்று, கேமராவைப் பார்க்காமல் அதற்குச் சற்று மேலே பார்க்கும் பார்வை. அந்தப் படம் சிதம்பரத்தில் இருக்கும் அக்காவிடம் இருந்தது. 2014ல் நான்தான், "கொடுக்கா, காப்பி எடுத்துட்டுத் தரேன்" என்று வாங்கி வந்தேன்.

அப்போது என்னிடம் ஒரு சின்ன பிரிண்டர் இருந்தது. ஸ்கேனரும் சேர்ந்தே வருவது, விலை 2,500 ரூபாய்ச் சொச்சம். அதில் படத்தை ஸ்கேன் செய்து, போட்டோ பேப்பரில் ஒரு பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி அக்காவுக்குக் கொடுத்தேன். "இது இப்போதைக்கு இருக்கட்டும், அசலை ஆற அமரக் கொண்டுவந்து தரேன்" என்றேன். ஆற அமர என்று சொல்லிவிட்டால் அது நடக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா?

2015 நவம்பர் மழையைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், அதன் பிறகு இந்த வெள்ளம். நம் ஊரில் வயதைக்கூட இப்படித்தான் கணக்கிட வேண்டும் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஃபைல்களெல்லாம் இரண்டு நாள் ஊறிக் கிடந்தன. அதே தட்டில்தான் அப்பாவின் படமும் இருந்தது. மேசைக்குக் கீழே வைத்திருந்த கம்ப்யூட்டரும் போயிற்று. அதனுள் இருந்த ஸ்கேனும் போயிற்று.

தண்ணீர் வடிந்த பிறகு தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் போட்டபோது ஒன்றைக் கவனித்தேன். ஜெராக்ஸ் நகல்கள் சேறு பிடித்திருந்தாலும் எழுத்து அப்படியே இருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதும் பெரும்பாலும் தப்பித்திருந்தது. மைப்பேனாவால் எழுதிய அப்பாவின் கடிதங்களும், என் பிரிண்டரில் நானே போட்டு வைத்திருந்த தாள்களும் வெறும் கறையாகியிருந்தன. ஜெராக்ஸ் தூள் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை. என் பிரிண்டரின் மை வெறும் சாயம்.

அப்பாவின் படம்? முகம் பிழைத்தது. கீழ்ப்பகுதியில் தேநீர் கொட்டியது போல ஒரு பழுப்புக் கறை, இடது மூலையில் மேல்தோல் சற்று உரிந்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே வைத்து அவசரமாக உலர்த்தினேன். அட்டை வில்லாக வளைந்துவிட்டது.

இப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, சேற்றில் கிடைத்த குடும்பப் படங்களைக் கழுவிக் காப்பாற்றும் வேலையை ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் ஏராளமான தன்னார்வலர்களோடு சேர்ந்து செய்தது. நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் காயவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகம் மேலே இருக்கும்படி பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். படப்பரப்பை விரலால் தொடவே கூடாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே வேறொரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. அடுத்த மழைக்கு முன் இதை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. "அசல் எங்கடா?" என்று கேட்கும்போதெல்லாம் "பத்திரமா இருக்குக்கா" என்பேன். வருடங்கள் ஓடின. போன தை மாதம் சிதம்பரம் போயிருந்தபோது அவர் வீட்டுச் சுவரில் நான் போட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்ததில் வெளிச்சம் பட்டுப்பட்டு அப்பா இளஞ்சிவப்பாக மாறியிருந்தார். மூக்கும் கன்னமும் ஒரே நிறம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த அறையில் உட்கார முடியவில்லை. ஊர் திரும்பியதும் நல்ல பிரிண்டர் ஒன்று வாங்குவது, அப்பா படத்தை ஒழுங்காகப் போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். லாரன்ஸ் ரோட்டுக் கடையில் விரலை நனைத்தது அதன் பிறகுதான்.

கடைத் தம்பி எனக்கு முதலில் காட்டியது மலிவான கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். இந்தக் கணக்கு எனக்குப் பழைய அனுபவம். என் பழைய மெஷினுக்குக் கறுப்புக் கார்ட்ரிட்ஜ் 720 ரூபாய். அட்டையில் 120 பக்கம் என்று போட்டிருக்கும். அப்படியே வந்தாலும் பக்கத்துக்கு மை மட்டும் 6 ரூபாய். எனக்கு ஒருமுறைகூட 120 வந்ததில்லை. நான்கு கார்ட்ரிட்ஜ் வாங்கினால் மெஷின் விலையைத் தாண்டிவிடும். மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்து மையில் சம்பாதிக்கும் வியாபாரம் அது.

பக்கக் கணக்கு ஏன் குறைகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேச முறைப்படி, வகுத்து வைத்த மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டு எண்ணுகிறார்கள். நாம் திங்கள்கிழமை ஒரு பக்கம், அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் என்று போடுகிறோம். இடைவெளி விட்டு ஓடும்போதெல்லாம் மெஷின் தன் மூக்கைச் சிந்திக்கொள்வது போல மையைக் கொஞ்சம் துப்பிச் சுத்தம் செய்துகொள்கிறது. துப்பிய மை உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேர்கிறது. அந்த மைக்கும் காசு கொடுத்தது நாம்தான்.

அடுத்து டேங்க் பிரிண்டர். பாட்டிலில் மை வாங்கித் தொட்டியில் ஊற்றிக்கொள்வது. இது வந்த கதையும் சுவையானது. மை விலை தாங்காமல், நம் ஊர்க் கடைகளிலும் இந்தோனேசியா போன்ற நாடுகளிலும் ஆட்கள் பிரிண்டருக்குப் பக்கத்தில் மைப் புட்டிகளை வைத்து, மெல்லிய குழாய் போட்டு உள்ளே இணைத்துவிட்டார்கள். பழைய ஜெராக்ஸ் கடைகளில் ஆஸ்பத்திரி டிரிப்ஸ் போல நாலு குழாய் தொங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தடுத்துப் பயனில்லை என்று எப்சன் நிறுவனமே 2010ல் இந்தோனேசியாவில் தொட்டி வைத்த பிரிண்டரைக் கொண்டுவந்தது. பிறகு பிரதர், கேனான், எச்பி எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள். சிக்கனக்காரர்கள் சேர்ந்து கம்பெனிகளை மாற்றிய அபூர்வமான சம்பவம் இது.

டேங்க் பிரிண்டருக்கு விலை 10,000லிருந்து 15,000 வரை சொன்னார்கள். கறுப்பு மை பாட்டில் ஒன்று 600, 700 ரூபாய். மாடலைப் பொறுத்து 4,500லிருந்து 6,000 பக்கம் வரை என்கிறார்கள். 700 ரூபாய்க்கு 6,000 பக்கம் என்றால் பக்கத்துக்கு 12 பைசாகூட ஆகாது. 6 ரூபாய் எங்கே, 12 பைசா எங்கே!

ஆனால் எதை எடுப்பது? நாலு கம்பெனி, இருபது மாடல். கடைத் தம்பி எல்லாவற்றையும் "சூப்பர் சார்" என்றார். எனக்குத் திருப்தி வரவில்லை. மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சிதம்பரத்துக்கு ஏன் என்கிறீர்களா? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929லிருந்து அங்கே இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் ஆய்வேடு எழுதாத ஆண்டு இல்லை. அண்ணாமலை நகர்ப் பக்கத்துக் கடைகள் டைப்ரைட்டரும் கார்பன் தாளுமாக இருந்த காலத்திலிருந்து இதே தொழிலில் இருப்பவை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பக்கம் போடுகிறவருக்குத் தெரிவது, பிரிண்டரைப் பெட்டியோடு விற்பவருக்குத் தெரியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. தெரிந்த கடைக்காரர் ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது சின்னவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பிரிண்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், வாரத்துக்கு எத்தனை பக்கம் போடுவீங்க?"

நான் விழித்தேன். பென்ஷன் தாள், கரண்ட் பில், மருத்துவ அறிக்கை, ரயில் டிக்கெட், பேரனின் பள்ளித் தாள் எல்லாம் சேர்த்து மாதம் 30 பக்கம் வரலாம் என்றேன்.

"அப்ப கணக்குப் பாத்தா நீங்க பிரிண்டரே வாங்க வேணாம்" என்றார்.

தாளிலேயே போட்டுக் காட்டினார். மாதம் 30 என்றால் ஐந்து வருடத்துக்கு 1,800 பக்கம். கடையில் பக்கம் 5 ரூபாய் என்றாலும் 9,000 ரூபாய். வீட்டிலோ மெஷின் மட்டும் 13,000. தாள் செலவு இன்னும் ஒரு 1,100. மை பெட்டியிலேயே வருவது போதும். ஆக வீட்டில் போடுவது 5,000 ரூபாய் கூடுதல். "உங்களை வர வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடும், அதனால இதையும் சொல்லிடறேன். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தாள் வேணும்னா என் கடை இருக்காது. அப்புறம் உங்க ஆதாரை என் கம்ப்யூட்டர்ல விட்டுட்டுப் போக வேண்டியதில்ல."

அந்த இரண்டாவது விஷயம் என்னை யோசிக்க வைத்தது. நாம் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் பிரிண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அனுப்பியது அங்கேயே கிடக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை வெளியிட்டதும், இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். எச்சரிக்கை போனாலும் அதில் சொன்ன ஒரு வழி நல்ல வழி. கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒன்றை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கடையில் பிரிண்ட் போடுகிறவர்கள் முடிந்த இடங்களில் அதைக் கொடுக்கலாம்.

வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல். வெயிலில் அலைய வேண்டாம், என் தாள் என் வீட்டிலேயே இருக்கும். சரி, அதற்கு ஆயிரம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லி வாங்கவில்லை என்பதை என் மனைவியிடமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டேன்.

பிறகு அவரிடம் என் தண்ணீர்ப் பரீட்சையைச் சொன்னேன். சிரித்துவிட்டு மையின் ரகசியத்தை விளக்கினார். மை இரண்டு ஜாதி. டை என்பது தண்ணீரில் கரைத்த சர்க்கரை மாதிரி, முழுக்கக் கரைந்திருக்கும். பிக்மென்ட் என்பது கோலத்துக்குக் கரைத்த அரிசி மாவு மாதிரி, நுண்ணிய தூள் தண்ணீரில் மிதக்கும். தாளில் பட்டுக் காய்ந்ததும் தூள் மேலேயே தங்கிவிடும், மறுபடி நனைந்தாலும் சுலபமாகக் கரையாது. டை தாளுக்குள் ஊறிவிடும், நனைந்தால் மறுபடி கிளம்பிவிடும். ஆனால் போட்டோ பேப்பரில் பளபளப்பும் நிறமும் டையில்தான் அழகு.

ஆகவே தாள்களுக்குக் கறுப்பு பிக்மென்ட், படங்களுக்கு வண்ணம் டை. இரண்டும் சேர்ந்தது கேனானின் ஜி3000 வரிசை, எச்பியின் ஸ்மார்ட் டேங்க், பிரதரின் டிசிபி-டி வரிசை போன்றவற்றில் இருக்கிறது. எப்சனின் எல்3110, எல்3250 போன்ற தொடக்க மாடல்களில் நான்கு நிறமும் டை. அதே கம்பெனியின் எல்805 மாதிரி ஆறு நிற மாடல்கள் போட்டோவுக்கென்றே செய்தவை. வெளிர் நீலமும் வெளிர் சிவப்பும் கூடுதலாக இருப்பதால் முகத்தில் புள்ளி தெரியாது. படமே முக்கியம் என்பவர்களுக்கு அது. பத்திரம், சான்றிதழ் நகல் முக்கியம் என்பவர்களுக்குக் கறுப்பு பிக்மென்ட் உள்ளது.

மை தெறிக்கும் முறையிலும் இரண்டு வழி. கேனான், எச்பி மெஷின்களில் ஒரு பொடிச் சூடேற்றி மையைக் கொதிக்க வைத்துக் குமிழியாக்கித் தள்ளுகிறது. 1977ல் கேனான் ஆய்வகத்தில், மை நிரப்பிய ஊசியின் மேல் சூடான பற்றவைக்கும் கோல் தவறுதலாகப் பட்டு மை பீய்ச்சியடித்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது என்பார்கள். எப்சன், பிரதர் மெஷின்களில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் அசையும் ஒரு படிகம், சொட்டு மருந்து பாட்டிலை விரலால் அமுக்குவது போல மையை அமுக்கித் தள்ளுகிறது. அந்த வகை ஹெட் நெடுநாள் உழைக்கும். ஆனால் கெட்டால் மாற்றச் செலவு அதிகம். ஜி3000 போன்றவற்றில் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். எதிலும் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை.

"எது வாங்குனாலும் சும்மா வெச்சிருந்தா கெட்டுடும் சார்" என்றார். "நம்ம ஊரு வெயிலுக்கு ஹெட்டுல மை காஞ்சிடும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது, நாலு கலரும் வர்ற மாதிரி போடுங்க. அதுக்கு முடியாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான்னா கறுப்பு லேசர் வாங்கிக்குங்க. தூளு காயாது. ஆனா போட்டோ வராது."

இன்னொன்றும் சொன்னார், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் ஹெட் பாதி வழியிலேயே நின்றுவிடலாம். முதலில் பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். ஹெட் ஓரமாகப் போய்த் தன் மூடிக்குள் உட்கார்ந்துகொள்ளும், மை காயாது. சத்தம் நின்ற பிறகு சுவர் சுவிட்சை அணைக்கலாம். அதேபோல மை ஊற்றிய டேங்க் பிரிண்டரை ஆட்டோவில் சாய்த்துக் கொண்டுபோகக் கூடாது. ஊற்றிய இடத்திலேயே அது குடியிருக்க வேண்டும்.

கேனான் ஜி3000 வரிசையில் ஒன்றைக் கடலூரிலேயே, அதே லாரன்ஸ் ரோட்டுக் கடையில் வாங்கினேன். தம்பி மாதிரித் தாளைக் கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். காயவிட்டுத் தேய்த்தேன். கறுப்பு எழுத்து நின்றது. வண்ணக் கட்டம் கலங்கியது. அது தெரிந்த விஷயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் படத்தை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தேன். இங்கே எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது. இவ்வகைப் பிரிண்டர்களில் இருக்கும் ஸ்கேனர், கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டும்தான் துல்லியமாகப் பார்க்கும். மில்லிமீட்டர் கணக்கில் தூக்கியிருந்தாலும் மங்கிவிடும். வளைந்த அட்டை. நெற்றி தெளிவு, கன்னம் கலங்கல். மூடியை அழுத்திப் பிடிக்கலாமா என்று கை போயிற்று. ஏற்கெனவே உரிந்திருந்த மூலையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். அழுத்தினால் மேல்தோல் வெடித்துப் போயிருக்கும்.

இருந்த அளவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். அதிலும் ஒன்று தெரிந்துகொண்டேன். பளபளப்புப் பேப்பரில் இவ்வகை மெஷின் கறுப்பு பிக்மென்டைப் பயன்படுத்துவதில்லை. மூன்று வண்ணங்களைக் கலந்தே கறுப்பைக் காட்டுகிறது. கலர் படத்தில் இது தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரிந்துவிடும். சிதம்பரத்தில் இளஞ்சிவப்பாக இருந்த அப்பா இங்கே லேசாகப் பச்சையாக வந்தார்.

13,000 ரூபாய் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். இந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவும் தொடங்கியது. இதற்கு இது ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் படத்தைப் புதுப் பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு ஸ்டூடியோவில் படத்தைத் தொடாமலே மேசையில் வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவால் எடுத்தார்கள். கறையைக் கம்ப்யூட்டரில் நீக்கினார்கள். "மூலையில உரிஞ்ச இடத்த நாங்களா வரைஞ்சு நிரப்பட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். லேபில் போட்டோ காகிதத்தில் மூன்று பிரதி எடுத்துத் தந்தார்கள், கோப்பையும் பென்டிரைவில் கொடுத்தார்கள். மொத்தச் செலவு, நான் முன்பு வாங்கிய ஒரு கார்ட்ரிட்ஜின் விலையைவிடக் குறைவு.

படங்களோடு அக்கா வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. துணியைப் பிரிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, அப்பா படம் வெள்ளத்துல நனைஞ்சு போச்சுக்கா. நான் சொல்லல."

"தெரியும்டா" என்றார். "வெள்ளம் வந்த வருஷமே உன் பொண்டாட்டி போன் பண்ணிச் சொல்லிட்டா. நீயா எப்பதான் சொல்றேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பத்து வருடமாக நான் பத்திரமாகக் காப்பாற்றி வந்தது இந்த ஒரு பொய்யைத்தான். அதுவும் காப்பாற்றப்படவில்லை.

அக்கா ஸ்டூடியோப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு வளைந்த அசலை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கறையைத் தடவவில்லை, ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். புதுப் படம் சுவருக்குப் போயிற்று, இந்த முறை ஜன்னல் வெளிச்சம் படாத சுவருக்கு. அசலை அமிலமில்லாத காகித உறையில் போட்டு மேல் தட்டில் வைத்தோம். இளஞ்சிவப்பு அப்பாவையும் அவர் தூக்கிப் போடவில்லை. "அதுவும் நீ கொடுத்ததுதானே" என்று பீரோவில் வைத்துவிட்டார்.

இப்போது வீட்டில் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. தாள்களெல்லாம் அதில்தான். வளையாத பழைய படங்களை 600 டிபிஐயில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஒரு பிரதி பென்டிரைவிலும் இன்னொன்று மகளிடமும் வைத்திருக்கிறேன். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அப்படி ஸ்கேன் செய்தால் அதைப்போல இரு மடங்கு அகல நீளத்துக்கு நன்றாக அச்சிடலாம். பேரன் பேத்தி படங்களை வீட்டிலேயே போட்டுக்கொள்கிறோம். நெடுநாள் இருக்க வேண்டிய படம் என்றால் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கிறேன்.

வாரம் ஒரு பக்கம் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாரே, அதற்கும் ஒரு வழி கிடைத்தது. அக்காவுக்குப் போனில் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இங்கே எழுதியதைப் பெரிய எழுத்தில் போட்டு, தலைப்பை மட்டும் வண்ணத்தில் வைத்து எடுத்துவிடுகிறேன். அடுத்த முறை சிதம்பரம் போகும்போது கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எழுத்து கறுப்பு பிக்மென்ட்தான், மழை வந்தாலும் பயமில்லை. இந்தக் கட்டுரையும் அந்தக் கட்டில் போகும். பிழை இருந்தால் அவர் பென்சிலால் குறித்து அனுப்புவார்.